சிப்பாய்ப் பொம்மைக்கு உடை



பொம்மை என்றதும் சிறு குழந்தைகளின் நினைவே நமக்கு வரும். உயர்நிலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் உங்களிடம் பொம்மையைப் பற்றிப் பேச ஓர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் பேச வந்தது சுண்டுவிரல் உயரமே உள்ள படைவீரர் பொம்மைகளைப் பற்றி. அவற்றைச் செய்யப் புகுந்துதான், பல ஆண்டுகள் வரலாறு கற்பித்த பின்னரும் நான் கல்லாதிருந்த ஒன்றைக் கற்றேன்.

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையே உள்ள கரிசற் காட்டை உங்களிற் பலர் அறிவீர்கள். கோடையில் நிலம் கைநுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். பனையும் உடைமரமும் அன்றி நிழலுக்கு வேறு துணை அரிது. குண்டாற்றில் நீரைக் காண்பதைவிட மணலைக் காணும் நாட்களே மிகுதி. அப்பகுதியில் உள்ள ஒரு பள்ளியில் நான் ஆசிரியனாக இருந்தபோது, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், வரலாற்றுக் கண்காட்சி ஒன்று நடத்தினோம். பாஞ்சாலங்குறிச்சிப் போரைப் பொம்மைகளால் காட்டுவது என் ஏற்பாடு. திருவிழாக் கடைகளில் விற்கும் பச்சை நிறப் பிளாஸ்டிக் படைவீரர்களை வாங்கி வந்தோம். கட்டபொம்மன் ஆட்களுக்குச் சரிகைத் தாள் ஒட்டி, பளபளக்கும் மேலங்கியும் மார்புக்கவசமும் அணிவித்தோம். கும்பினிப் படையினருக்குச் சிவப்பு வண்ணம் பூசி, முழுக் காற்சட்டையும் கறுப்புக் காலணியும் கொடுத்தோம். பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள்.

மாலையில் முதியவர் ஒருவர் வந்தார். மிளகாயும் பருத்தியும் பயிரிடும் சம்சாரி. பேரனின் பள்ளியைப் பார்க்க வந்தவர், மேசையருகே நெடுநேரம் நின்றார். பிறகு என்னிடம், "வாத்தியாரையா, இந்த வெயிலிலே இம்புட்டுத் துணியைச் சுத்திக்கிட்டு யாரு ஓடுனா?" என்று கேட்டார்.

என்னால் விடை கூற இயலவில்லை. அந்த உடையை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். 1959ஆம் ஆண்டில் வெளிவந்த வீரபாண்டிய கட்டபொம்மன் திரைப்படத்தைச் சிறுவனாக இருந்தபோது கூடாரக் கொட்டகையில் கண்டிருந்தேன். அதிற் கண்ட உடையே என் மனத்தில் வரலாறாகப் பதிந்திருந்தது. திரைப்படம் எடுத்தவர்மீது குறையில்லை. அவர்கள் நாடகத்துக்கு வேண்டிய ஒப்பனையைச் செய்தார்கள். அந்த ஒப்பனையைச் சான்றாகக் கொண்டு மாணவர்முன் வைத்த பிழை என்னுடையது. அதைத் திருத்த முனைந்த முயற்சியே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் இக்கலையின் வரலாற்றைச் சிறிது காண்போம். போரைச் சிற்றுருக்களால் காட்டும் வழக்கம் நம் நாட்டுக்குப் புதியதன்று. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையைக் கட்டத்தில் நிறுத்தி ஆடிய சதுரங்கம் இங்கே பிறந்தது. ஐரோப்பாவில், செருமனி நாட்டு நூரெம்பர்க்கு நகரத்தார் தட்டையான ஈயக்கலவைப் படைவீரர்களை வார்த்து உலகெங்கும் விற்றனர். 1824ஆம் ஆண்டில் பிரஷ்ய நாட்டுப் படையதிகாரியான ரைஸ்விட்ஸ் என்பவர், நிலப்படத்தின்மேல் சிறு கட்டைகளை நகர்த்திப் போர்ப்பயிற்சி பெறும் முறையை வகுத்து வெளியிட்டார். 1893ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளே குழிவான ஈயப் பொம்மைகளை வார்க்கத் தொடங்கியது. விலை குறைந்தது, நடுத்தரக் குடும்பத்துச் சிறுவர்களும் வாங்கினார்கள். 1913ஆம் ஆண்டில் எச். ஜி. வெல்ஸ் என்னும் புகழ்பெற்ற எழுத்தாளர், இப்பொம்மைகளைக்கொண்டு ஆடும் போர் விளையாட்டுக்கு விதிகள் வகுத்து ஒரு நூலே எழுதினார். பிற்காலத்தில் பிளாஸ்டிக் வந்தது. இப்போது கணினியில் வரைந்த உருவத்தை அப்படியே அச்சிட்டுத் தரும் முப்பரிமாண அச்சுப் பொறியும் வந்துவிட்டது.

இவ்வளவு இருந்தும் ஓர் இடர்ப்பாடு உண்டு. பெரும்பாலும் பலர் விரும்பி வாங்கும் படைகளைத்தான் கடைக்காரர் விற்பார். நெப்போலியன் வீரர், ரோமானிய வீரர், உலகப்போர் வீரர் ஆகியோர் எளிதிற் கிடைப்பர். கரிசற் காட்டில் நின்ற பாளையக்காரர் ஆளையும், 1806ஆம் ஆண்டின் சென்னைச் சிப்பாயையும் திருவிழாக் கடையில் தேடினால் கிடைக்கமாட்டார்கள். ஆகவே, இருக்கின்ற பொம்மையை வேண்டிய உருவமாக மாற்றிக்கொள்ள வேண்டும். இதனை உருமாற்றுதல் என்று அழைப்போம். தலையை வெட்டி வேறு தலை வைத்தல், காற்சட்டையைச் சீவிக் காலாக்குதல், துப்பாக்கியை நீக்கி ஈட்டி கொடுத்தல் ஆகியன எல்லாம் இதில் அடங்கும்.

கத்தியைக் கையில் எடுப்பதற்குமுன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இவன் இன்ன உடை அணிந்திருந்தான் என்பது நமக்கு எவ்வாறு தெரியும்? பாடநூலைப் படிக்கும்போது இக்கேள்வியைக் கேளாமலே கடந்துவிடலாம். "சிப்பாய்கள் தாக்கினார்கள்" என்று எழுதினால் எழுத்துக்கு உடை தேவையில்லை. பொம்மை செய்பவனோ காலில் செருப்பா, வெறுங்காலா என்பதை முடிவு செய்தே ஆகவேண்டும். அவன் தப்பிக்க வழியில்லை.

சான்றுகளை நான் தேடியபோது முதலில் கிடைத்தவை வழிதவறச் செய்வனவே. திருவில்லிபுத்தூர், மதுரை போன்ற ஊர்களின் கோயில் தூண்களில் வீரர் உருவங்கள் அழகாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவை நாயக்கர் காலத்தவை. நாம் தேடும் காலத்துக்கு மிக முற்பட்டவை. பிரிட்டன் நிறுவனம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைக் காலாட்படை வீரரையும் வார்த்து விற்றது. அது வேலூர்ப் புரட்சிக்கு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டு பிற்பட்ட உடை. ஒன்று முந்தியது, மற்றொன்று பிந்தியது. சென்னைச் சிப்பாய் என்ற பெயர் ஒன்றாக இருப்பதனாலேயே உடையும் ஒன்றாகிவிடாது.

பயன்தரும் சான்றுகள் மூன்று. முதலாவது, தஞ்சை ஓவியர்கள் கும்பினி அதிகாரிகளுக்காக வரைந்த படங்கள். சிப்பாயும் அவன் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதாக வரைவது அவர்கள் வழக்கம். அப்படங்கள் இன்று இலண்டன் அருங்காட்சியகங்களில் உள்ளன. அவற்றின் படிகளை நம் ஊரில் இருந்தபடியே கணினித் திரையிற் காணலாம். இரண்டாவது, போரில் ஈடுபட்டவர்கள் எழுதிய நூல்கள். ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கில அதிகாரி 1801ஆம் ஆண்டுப் பாஞ்சாலங்குறிச்சிப் போரில் கலந்துகொண்டவர். அவருடைய போர் நினைவுகள் 1830ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்பித்தவர் சின்ன மருது என்று அந்நூலில் அவர் நன்றியோடு குறிப்பிடுகிறார். அவரையே பின்னர்ப் பகைவராக எதிர்த்துப் போரிட நேர்ந்தது. மூன்றாவது, பொருள்களே. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் வளரி உண்டு. படத்தில் தெரியாத கனமும் வளைவும் பொருளைக் கண்டால் விளங்கும்.

இனி அளவு. உயர்நிலைப் பள்ளிக் கணக்கே போதும். 5 அடி 8 அங்குலம் உயரமுள்ள மனிதனை 32 மடங்கு சிறிதாக்கினால் 54 மில்லிமீட்டர் வரும். உலகெங்கும் பொம்மை செய்வோர் கையாளும் அளவுகளுள் இஃது ஒன்று. அக்காலத்துக் கும்பினித் துப்பாக்கியின் நீளம் ஏறத்தாழ 55 அங்குலம். 32ஆல் வகுத்தால் 44 மில்லிமீட்டர். இது நமக்கு நன்கு பழகிய அளவு. சிவகாசித் தீக்குச்சியின் நீளம் ஏறக்குறைய அவ்வளவே. மருந்து தோய்க்காத குச்சி ஒன்றை எடுத்து, பிடிப்பக்கத்தை அகலமாக விட்டு மற்றதைச் சீவி மெலிதாக்கினால் துப்பாக்கி ஆயிற்று. அதன் முனையிற் செருகும் சனியன் என்னும் குத்துக்கத்தி 17 அங்குலம். குண்டூசியில் 13 மில்லிமீட்டர் வெட்டிச் செருகினால் போதும்.

ஈட்டியின் கணக்கு இன்னும் சுவையானது. பதினெட்டாம் நூற்றாண்டில் கும்பினியின் போர் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம், தென்பாண்டிச் சீமை வீரரின் ஈட்டி 18 அடி நீளமுடையது என்கிறார். அளவுக்குக் குறைத்தால் 171 மில்லிமீட்டர். பொம்மையின் உயரத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல்! எங்கள் மாணவர் ஒருவர் இதனை நம்பாமல் மும்முறை வகுத்துப் பார்த்தார். பனையோலை ஈர்க்கில் ஒன்றை அந்நீளத்துக்கு நறுக்கிப் பொம்மையின் கையிற் கொடுத்தபோது பொம்மை குப்புற விழுந்தது. அடிப்பலகையை அகலமாக்கிய பின்னரே நின்றது. அவ்வளவு நீண்ட ஈட்டியை ஒற்றை ஆளாகச் சுழற்றிச் சண்டையிட முடியாது. பலர் நெருங்கி நின்று முனைகளை ஒருசேர நீட்டினால்தான் அதற்குப் பயன் உண்டு என்பது அப்போது எங்களுக்குப் புலப்பட்டது. திரைப்படத்தில் காணும் வாட்போர் வேறு, முள்வேலிபோல் ஈட்டிகள் நீட்டிய கூட்டம் வேறு. ஓர் ஈர்க்குக் குச்சி இதனைக் கற்பித்தது.

இப்போது செய்முறைக்கு வருவோம். கடைப்பொம்மையின் பிளாஸ்டிக் வழுவழுப்பானது. வண்ணம் பூசினால் காய்ந்தபின் செதில் செதிலாக உதிரும். ஆகவே முதலில் வழலை நீரில் நன்கு கழுவி உலர்த்த வேண்டும். உருமாற்றம் முடிந்த பின், தச்சர் பயன்படுத்தும் வெண்பசையை நீரில் கலந்து மெல்லிய பூச்சாகப் பூசிக் காயவிட்டு, அதன்மேல் வண்ணம் இட்டால் பிடித்துக்கொள்ளும். ஒட்டுகின்ற இடங்களில் பசையை மட்டும் நம்பாமல், சிறு கம்பித் துண்டை இரு பக்கமும் செருகி இணைப்பது நல்லது. கூடுதல் சதைப்பற்றுக்கும் துணி மடிப்புக்கும், குழாய் ஒழுகலை அடைக்க எம்-சீல் என்னும் பெயரில் விற்கும் இருபகுதிக் களிம்பு பயன்படும். கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் அதனைப் பிசைய வேண்டும்.

கடைப்பொம்மை கிடைக்காத ஊரில் நம் வீட்டுப் பொருளே உதவும். பழைய செய்தித்தாளை ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து அரைத்துக் கூடை செய்யும் கைவண்ணத்தை உங்கள் பாட்டிமாரிடம் கண்டிருப்பீர்கள். அந்தக் கூழ் மெல்லிய கம்பிக்கூட்டின்மேல் அப்பி உருவம் செய்ய ஏற்றது. கரிசல் மண் மட்டும் ஆகாது. ஈரம் பட்டால் உப்பி, உலர்ந்தால் சுருங்கி வெடிப்பது அதன் இயல்பு. கோடையில் நிலத்திற் கண்ட வெடிப்பைப் பொம்மையின் முகத்திலும் காண்பீர்கள். ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஈயத்தை உருக்கி வார்க்கும் முயற்சியில் மாணவர்கள் இறங்கவே கூடாது. ஈயத்தின் துகளும் தூசியும் உடலிற் சேர்ந்தால் நஞ்சாகும். வளரும் பருவத்தினரின் மூளையைத் தாக்கும்.

முதற்பொம்மை, 1801ஆம் ஆண்டின் பாளையக்காரர் ஆள். அவனுக்குச் சீருடை இல்லை. கடைப்பொம்மையின் இரும்புத் தொப்பி, காலணி, இடுப்புப் பைகள் ஆகிய எல்லாவற்றையும் சீவி நீக்க வேண்டும். உருமாற்றத்தில் சேர்ப்பதைக் காட்டிலும் நீக்குவதே கடினமான வேலை. இடுப்பில் இறுக்கிக் கட்டிய வேட்டி, தலையில் துண்டு, வெறும் உடல், வெறுங்கால். நீண்ட ஈட்டி கையில். பிறை வடிவமாக வெட்டிய அட்டைத் துண்டு இடுப்பில் வளரியாக. இவற்றுள் ஈட்டிக்கும் வளரிக்கும் சான்று உண்டு. வேட்டியும் துண்டும் அக்காலத்து உழைப்பாளரின் பொது உடையைக்கொண்டு நாங்கள் ஊகித்தவை. ஆகவே பொம்மையின் அடிப்பலகையில் இரண்டு சீட்டு ஒட்டினோம். வெள்ளைச் சீட்டில் "அறிந்தது". மஞ்சள் சீட்டில் "கருதியது". இவ்விரண்டையும் கலக்காமல் வைப்பதே வரலாற்று மாணவனின் நேர்மை.

இரண்டாம் பொம்மை, கும்பினியின் சென்னைச் சிப்பாய். தஞ்சை ஓவியங்களைக் கண்டபோது என் பழைய கண்காட்சியின் பிழை முழுதும் வெளிப்பட்டது. மேலே சிவப்புக் கம்பளிச் சட்டை. சகலாத்து என்று நம் முன்னோர் கூறிய துணி. கீழே முழுக் காற்சட்டை இல்லை. தொடை அளவே வரும் வெள்ளை அரைக்காற்சட்டை, ஓரத்தில் நீலக்கரை. இடுப்பில் கச்சை. மார்பின் குறுக்கே தோள்வார்கள். காலில் செருப்பு. தலையில், கூடுபோல் அமைத்த சட்டத்தின்மேல் கருநீலத் துணி போர்த்திய உயர்ந்த தலைப்பாகை. இடுப்புக்கு மேலே ஐரோப்பா, கீழே தமிழ்நாடு, தலையில் மீண்டும் நம் நாடு என்று சொல்லும்படியான உடை அது.

செய்முறை எளிது. பொம்மையின் காற்சட்டையை நடுத்தொடைக்குக் கீழே சீவி வழித்து, முழங்காலைச் செதுக்கி, தோல்நிறம் பூசுக. தோள்வாருக்குத் தாள் நறுக்குகள் போதும். சிவப்பை அப்படியே புட்டியிலிருந்து எடுத்துப் பூசாதீர்கள். வெயிலில் நடந்த படைவீரனின் சட்டை விரைவில் வெளிறும். சிவப்பில் சிறிது காவி கலந்தால் அந்த நிறம் வரும். தலைப்பாகைக்கு அருப்புக்கோட்டைத் தறிகளில் எஞ்சும் கழிவு நூலைப் போன்ற சிறந்த பொருள் இல்லை. தலையின்மேல் சிறு அட்டைக் குழலை ஒட்டி, பசை தோய்த்த நூலை நெருக்கமாகச் சுற்றி, கருநீலம் பூசினால் உண்மைத் துணிபோலவே தோன்றும்.

இவ்விரு பொம்மைகளையும் அருகருகே வைத்தபோது பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர், "ஐயா, ஈட்டிக்காரன் நம்மவன், சிவப்புச் சட்டைக்காரன் பகைவன். அப்படித்தானே?" என்று கேட்டார். "சிவப்புச் சட்டைக்காரனின் முகத்துக்கு என்ன நிறம் பூசினாய்?" என்று நான் திருப்பிக் கேட்டேன். இரு பொம்மைக்கும் ஒரே கிண்ணத்து நிறத்தைத்தான் அவர் பூசியிருந்தார்.

இங்கேதான் மூன்றாம் பொம்மையின் கதை தொடங்குகிறது. 1799ஆம் ஆண்டு அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். 1801ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிவந்து, இடிக்கப்பட்ட கோட்டையை மீண்டும் எழுப்பினான். மே மாதத்தில் அக்கோட்டை வீழ்ந்தது. போர் சிவகங்கைச் சீமைக்குப் பரவியது. பாஞ்சாலங்குறிச்சிக்கும் சிவகங்கைக்கும் இடைப்பட்ட வறண்ட நாடே எங்கள் நாடு. அக்டோபரில் மருது சகோதரர் தூக்கிலிடப்பட்டனர். நவம்பரில் ஊமைத்துரையும் கொல்லப்பட்டான். டிசம்பரில், பாளையங்களின் மக்கள் படைக்கலம் வைத்திருத்தலாகாது என்று கும்பினி அரசு அறிவித்தது. ஈட்டியும் வளரியும் சட்டத்துக்கு மாறான பொருள்களாயின.

படைத்தொழிலே வாழ்வாகக் கொண்டிருந்த அம்மக்கள் என்ன செய்வார்கள்? சிலர் ஏரைப் பிடித்தனர். வேறு சிலர் தம்மை வென்ற கும்பினியின் படையிலேயே சேர்ந்தனர். சென்னைப் படையின் 23ஆம் பிரிவின் இரண்டாம் பட்டாளத்தில், திருநெல்வேலிச் சீமைப் பாளையக்காரர்களிடம் முன்பு பணிபுரிந்த ஆட்கள் பலர் இருந்தனர். அதாவது, நாங்கள் மேசைமேல் செய்த உருமாற்றத்தை வரலாறு முன்பே செய்து முடித்திருந்தது. ஈட்டியை வாங்கிக்கொண்டு துப்பாக்கியைக் கொடுத்தது. வெறும் உடம்பின்மேல் சிவப்புச் சட்டையை மாட்டியது. உள்ளே இருந்தவன் அவனே.

அந்த 23ஆம் பிரிவின் பட்டாளம் 1806ஆம் ஆண்டில் வேலூர்க் கோட்டையில் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில், சென்னைப் படைத்தலைவர் சர் ஜான் கிரடாக்கின் காலத்தில், புதிய தலைப்பாகை ஒன்று வகுக்கப்பட்டது. அதன் தோற்றம் ஐரோப்பியரின் தொப்பியை ஒத்திருந்தது. அதில் தோலால் ஆன குஞ்சம் ஒன்றும் பொருத்தப்பட்டது. சிப்பாய்கள் அணிவகுப்பில் நெற்றிக்குறி இடலாகாது, காதணி அணியலாகாது, தாடி மழிக்கவேண்டும், மீசை ஒரே வகையாக இருக்கவேண்டும் என்றும் விதிகள் வந்தன. தோல் எந்த விலங்கினது என்ற ஐயம் இந்துக்களையும் இசுலாமியரையும் ஒருங்கே வாட்டியது. தொப்பி அணிந்தால் தம் ஊராரும் உறவினரும் தம்மைச் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள் என்ற அச்சமும் எழுந்தது.

1806ஆம் ஆண்டு மே மாதத்தில் வேலூரில் இருந்த 4ஆம் பிரிவின் இரண்டாம் பட்டாளத்தினர் புதிய தலைப்பாகையை ஏற்க மறுத்தனர். இருபத்தொருவர் விசாரணைக்கு அனுப்பப்பட்டனர். ஓர் இந்து, ஓர் இசுலாமியர் ஆகிய இருவருக்கு ஆளுக்கு 900 கசையடி கொடுத்துப் படையினின்றும் நீக்கினர். மற்றப் பத்தொன்பது பேருக்கு 500 அடி விதித்து, அவர்கள் மன்னிப்புக் கோரியபின் விடுவித்தனர். எனினும் உத்தரவு மாறவில்லை. ஜூலை 10ஆம் நாள் விடியுமுன், ஏறத்தாழ இரண்டு மணிக்கு, கோட்டையிலிருந்த சிப்பாய்கள் எழுந்தனர். நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயர் மாண்டனர். திப்பு சுல்தானின் குடும்பத்தார் அக்கோட்டையிலேயே காவலில் இருந்தனர். மைசூரின் புலிக்கொடி கோட்டைமேல் ஏறியது. காலையில் ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை விரைந்து வந்து கோட்டையை மீட்டது. அன்று கொல்லப்பட்ட சிப்பாய்கள் முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் என்பர்.

உத்தரவு பின்பு திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டில் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் படைத்தலைவர் கிரடாக்கும் திரும்ப அழைக்கப்பட்டனர். புரட்சிக்குத் தலைப்பாகை ஒன்றே காரணம் என்று நான் கூறவில்லை. குறைந்த சம்பளமும், மேலதிகாரிகளின் இகழ்ச்சியும், திப்புவின் மைந்தர் பால் இருந்த பற்றும், இழந்த பாளையங்களின் நினைவும் அதற்குள் இருந்தன. ஆயினும் எல்லாக் காரணங்களும் ஒருங்கு கூடி வெடித்த இடம் அந்தத் தலைப்பாகையே. சிவப்புச் சட்டையை ஏற்ற மனிதன், அரைக்காற்சட்டையை ஏற்ற மனிதன், தலையைத் தொட்டபோது "இனி இல்லை" என்றான்.

இதனைக் காட்ட நாங்கள் மூன்றாவது பொம்மை ஒன்றைப் புதிதாகச் செய்யவில்லை. சிப்பாய்ப் பொம்மையின் தலைப்பாகையை மட்டும் கழற்றி மாட்டும்படி அமைத்தோம். தலையில் சிறு ஊசி. பழைய தலைப்பாகையின் அடியிலும் புதிய தலைப்பாகையின் அடியிலும் ஒரு துளை. புதியதன் சரியான வடிவம் எழுத்துச் சான்றுகளிலிருந்து ஓரளவே தெரிவதால் அதற்கு மஞ்சள் சீட்டு ஒட்டினோம். புதிய தலைப்பாகையின் உயரம் 1 சென்டிமீட்டருக்கும் குறைவு. பொம்மைக்கு அதைக் கழற்றி மாட்ட ஒரு நொடி போதும். மனிதனுக்கு அதுவே 900 கசையடியாயிற்று. இதனை மாணவர்க்கு விளக்க நான் நீண்ட சொற்பொழிவு ஆற்ற வேண்டியிருக்கவில்லை. அவர்களே மாட்டியும் கழற்றியும் பார்த்துவிட்டு அமைதியாயினர்.

அடுத்த கண்காட்சிக்கு அந்த முதியவரைப் பேரன் வழியே அழைத்திருந்தேன். வந்தார். ஈட்டிக்காரனின் வெறுங்காலைக் குனிந்து பார்த்தார். "இவன் ஓடுவான்" என்றார். பிறகு சிவப்புச் சட்டைச் சிப்பாயைக் காட்டி, "இவன் யாரு?" என்றார். "அவன்தான் இவன்" என்று பேரன் விடை கூறினான். முதியவர் இரண்டு பொம்மையையும் மாறி மாறிப் பார்த்தார்; ஒன்றும் பேசவில்லை.

மாணவர்களே! நீங்களும் உங்கள் ஊரின் ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். போர்தான் வேண்டும் என்பதில்லை. உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டரோ, பழைய தபால்காரரோ, தறிநெய்தவரோ ஆகலாம். ஒரே ஒரு பொம்மை போதும். தலைமுதல் கால்வரை ஒவ்வொரு பொருளையும் தொட்டு, "இஃது எனக்கு எவ்வாறு தெரியும்?" என்று கேளுங்கள். தெரிந்ததற்கு வெள்ளைச் சீட்டும், கருதியதற்கு மஞ்சள் சீட்டும் ஒட்டுங்கள். மஞ்சள் சீட்டு மிகுதியாயிற்றே என்று நாணவேண்டா. முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் வைத்த சரிகைப் பொம்மைகளுக்கு ஒரு சீட்டும் இல்லை, நாணவேண்டியது அதற்கே. பெரியவர்களிடம் பொம்மையைக் காட்டுங்கள். வெயிலில் உழைத்தவர் ஒருவர் வந்து உங்கள் பிழையைச் சுட்டினால், அவருக்கு நன்றி கூறி, கத்தியையும் வண்ணத்தையும் மீண்டும் எடுங்கள்.